புது பேட், புது டிஸ்க் போட்டும் பிரேக் கீச்சிடுகிறதா? இன்னொரு செட் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

பிரேக் பேடும் டிஸ்க்கும் புதிதாக மாற்றியாகிவிட்டது, செலவும் ஆகிவிட்டது, ஆனால் சிக்னலில் மெதுவாக நிறுத்தும்போது பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கீச்சென்று சத்தம். இந்த நிலைமையில் பலரும் உடனே செய்வது, "பேட் டூப்ளிகேட் போல" என்று முடிவுகட்டி இன்னொரு செட் வாங்குவதுதான். தயவுசெய்து அதை இப்போதைக்குச் செய்யாதீர்கள். பேட் காரணமாக இருக்கவும் வாய்ப்பு உண்டு, அதற்குக் கடைசியில் வருவோம். முதலில் பார்க்க வேண்டியது புது பேட் போய் உட்கார்ந்திருக்கும் பழைய இடத்தை: காலிப்பர் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் பேடுகளால் அழுத்திப் பிடிக்கும் பாகம்), அதைத் தாங்கும் பிராக்கெட், சின்னச் சின்னத் தகட்டு கிளிப்புகள், காலிப்பர் நகர்வதற்கான பின்கள், டிஸ்க் ஒட்டி நிற்கும் ஹப். இவை எதையும் யாரும் மாற்றவில்லை, சத்தம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

இங்கே சொல்வதெல்லாம் நம் ஊரில் அதிகம் ஓடும் சின்னக் கார்களை மனதில் வைத்துத்தான். ஸ்விஃப்ட், வேகன் ஆர், ஐ10, டியாகோ மாதிரி முன்சக்கரத்தில் டிஸ்க்கும் பின்சக்கரத்தில் டிரம்மும் உள்ள வண்டிகள். நான்கிலும் டிஸ்க் என்றாலும் பார்க்கும் முறை இதுவே. ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள்கூட முதல் பாதியைத் தாங்களே செய்துவிடலாம், மீதியை மெக்கானிக் பக்கத்தில் நின்று செய்யச் சொல்லலாம்.

முதலில் சத்தம் ஏன் வருகிறது என்று ஒரு வார்த்தை. பேட் டிஸ்க்கைச் சீராக உரசிக்கொண்டு போவதாகத் தோன்றினாலும், உண்மையில் அது நுணுக்கமாகப் பிடித்து விட்டு, பிடித்து விட்டுத்தான் போகிறது. கரும்பலகையில் சாக்பீஸ் கிறீச்சிடுவதும் இதே காரணத்தால்தான். இது நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை நடக்கும்போது வார்ப்பிரும்பு டிஸ்க் மொத்தமும் சேர்ந்து ஒலிக்க ஆரம்பிக்கிறது. பேட் தன் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்து, அதன் முதுகில் அதிர்வை உள்வாங்க ஷிம் தகடு இருந்தால் அதிர்வு வளராமல் அடங்கிவிடும், பேட் ஆடினால் வளரும். இதை மனதில் வைத்துக்கொண்டால் எங்கே கை வைக்க வேண்டும் என்பது பாதி விளங்கிவிடும்.

சத்தம் எப்போது வருகிறது என்று கேளுங்கள்

சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்னால் காதுக்கு வேலை கொடுங்கள். ஆளில்லாத தெரு, ஒரு பக்கம் நீளமான காம்பவுண்டு சுவர் இருந்தால் ரொம்ப நல்லது. கண்ணாடிகளை இறக்கி, ஏசி, பாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு 20 கி.மீ. வேகத்தில் சுவரை ஒட்டிப் போய் லேசாக பிரேக் பிடியுங்கள். சுவரில் பட்டுத் திரும்புவதால் அந்தப் பக்கச் சக்கரத்தின் சத்தம் தனியாகக் கேட்கும். அப்புறம் வண்டியைத் திருப்பி, மறுபக்கத்துக்கும் இதையே செய்யுங்கள். லேசாக ஒரு தடவை, அழுத்தி ஒரு தடவை, ரிவர்ஸில் ஒரு தடவை, பிரேக் தொடாமல் வளைத்து ஒரு தடவை. நான்கிலும் என்ன கேட்டது என்று குறித்து வையுங்கள். மெக்கானிக்கிடம் போனாலும் "சத்தம் வருது" என்பதைவிட "இடது முன்சக்கரம், லேசாக மிதித்தால் மட்டும்" என்று சொல்வது ஒரு மணி நேர வேலையை மிச்சப்படுத்தும்.

பிரேக் பிடிக்காமலேயே ஷ்ஷ்ஷ் என்று தொடர்ந்து உரசும் சத்தம் கேட்டால், டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகரத் தடுப்புதான் முதல் சந்தேகம். பழைய டிஸ்க் துருவேறி ஹப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் சுத்தியலால் தட்டித்தான் எடுத்திருப்பார்கள், அந்தத் தட்டில் தகரம் வளைந்து புது டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டிருக்கும். கையாலேயே இரண்டு மூன்று மி.மீ. விலக்கிவிட்டால் முடிந்தது. தகரத்துக்கும் டிஸ்க்குக்கும் நடுவே பொடிக்கல் மாட்டினாலும் இதே மாதிரிதான், ஆனால் சத்தம் இன்னும் கர்ணகடூரமாக இருக்கும்.

பிரேக் தொடாதபோது கீச்சிட்டு, பெடலை லேசாகத் தொட்டதும் நின்றுபோனால் பேட் தளர்வாக ஆடுகிறது, அல்லது பேடின் தேய்மானத்தை எச்சரிக்கும் சின்ன இரும்பு நாக்கு டிஸ்க்கில் படுகிறது. அந்த நாக்கு பேட் தேய்ந்து முடியும் தறுவாயில் டிஸ்க்கைத் தொட்டுக் கத்துவதற்காகவே வைத்தது. புது பேடில் அது வளைந்திருந்தாலோ, பேட் இடம் மாறிப் பொருந்தியிருந்தாலோ முதல் நாளிலேயே கத்தும். பல கார்களில் இது உள்பக்க பேடில் மட்டும் இருக்கும், எந்த முனையில் வர வேண்டும் என்பது காருக்குக் கார் மாறும். அதனால்தான் பழையதைக் கழற்றும் முன் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்வது.

முன்னால் போய் ரிவர்ஸ் எடுத்து பிரேக் பிடிக்கும்போது டக் என்று ஒரே ஒரு சத்தம் வந்தால் பேட் பிராக்கெட்டுக்குள் நகர்ந்து இடிக்கிறது என்று பொருள். லேசாக மிதித்தால் மட்டும் கீச், அழுத்தினால் இல்லை என்றால் பழகாத பேட், கிரீஸ் காய்ந்த காலிப்பர் பின், இல்லாமல் போன ஷிம் இவற்றில் ஒன்று. வளைவில் மட்டும் உறுமலாகக் கேட்டால் வீல் பேரிங்கையும் சேர்த்துப் பாருங்கள்.

கரகரவென்று இரும்பும் இரும்பும் அரைபடும் சத்தமா? வண்டியை ஓட்டாதீர்கள். பேடின் முதுகுப் பக்கத்தை டிஸ்க்கைப் பார்க்க வைத்துப் பொருத்தும் தவறு, புதிதாகக் கற்றுக்கொண்டு வீட்டில் செய்பவர்களிடம் உண்மையிலேயே நடக்கிறது. சில கிலோமீட்டரிலேயே புது டிஸ்க் வீணாகிவிடும், பிரேக்கும் பிடிக்காது.

பொறுத்துப் பார்க்க வேண்டிய சத்தங்கள்

மழை பெய்த மறுநாள் காலை, அதுவும் கடலோர ஊர்களில், டிஸ்க்கின் மேல் செம்பழுப்பாக மெல்லிய துரு படிந்திருக்கும். முதல் நான்கைந்து பிரேக்கில் சொரசொரவென்று சத்தம் வந்து தானாகப் போய்விடும். இதற்கு எதுவும் செய்ய வேண்டாம்.

இன்னொன்று பேட் பழகாத சத்தம். புது பேடும் புது டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும், பேடின் பொருளில் கொஞ்சம் டிஸ்க்கின் மேல் சீரான மெல்லிய படலமாகப் படிய வேண்டும். நகர நெரிசலில் 20 கி.மீ. வேகத்தில் தொட்டுத் தொட்டு ஓட்டிக்கொண்டிருந்தால் அந்தப் படலம் ஒழுங்காக உருவாவதே இல்லை. அதனால் இதை வேண்டுமென்றே செய்ய வேண்டும். அதிகாலையில், பின்னால் வண்டி எதுவும் வராத அகலமான நேர்ச் சாலைக்குப் போங்கள். 60 கி.மீ. வேகத்திலிருந்து சுமார் 15 வரை திடமாக, ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்ளாத அளவுக்கு, பிரேக் பிடித்துக் குறையுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். மறுபடி வேகம் எடுத்து அரை நிமிடம் ஓட விட்டு மறுபடி. இப்படி எட்டு பத்து தடவை. முடிந்ததும் முடிந்தவரை பிரேக் தொடாமல் ஒரு பத்து நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள். டிஸ்க் சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடி நிற்பதுதான் இதில் செய்யக் கூடாத காரியம், பேட் அமர்ந்த இடத்தில் மட்டும் திட்டாகப் படிந்து பின்னால் பெடல் அதிரும். லேசான பேட் வாசனை வந்தால் பயப்பட வேண்டாம். புகை வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். பேட் பெட்டியில் கம்பெனி வேறு முறை அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

இதைச் செய்து, அப்புறம் இருநூறு முந்நூறு கி.மீ. சாதாரணமாக ஓட்டியும் கீச் அப்படியே இருந்தால் சக்கரத்தைக் கழற்றலாம்.

கழற்றிப் பார்ப்பது

சமதளமான தரை, ஹேண்ட் பிரேக், பின்சக்கரத்துக்குக் கல் அல்லது கட்டை. வீல் நட்டை வண்டி தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிட்டு அப்புறம் ஜாக்கி போடுங்கள், ஜாக்கி மட்டும் போதாது, கீழே ஸ்டாண்டு வையுங்கள். வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றத்தான், அதை நம்பிக் கையை உள்ளே விடக் கூடாது. பிரேக் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஏர் அடித்தும் பறக்கவிடாதீர்கள், மாஸ்க் போட்டுக்கொண்டு பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடித்துத் துடையுங்கள். காலிப்பரைக் கழற்றினால் அதை பிரேக் ஆயில் வரும் ரப்பர் ஹோஸில் தொங்கவிடாமல் ஒரு கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கோடு கட்டி வையுங்கள்.

கழற்றிய பழைய பேடுகள் இன்னும் இருந்தால் தேடி எடுங்கள். மெக்கானிக்கிடம் விட்டிருந்தால் கேட்டு வாங்குங்கள். உள் பேடும் வெளி பேடும் ஒரே கனமாகத் தேய்ந்திருந்தால் காலிப்பர் சரியாக நகர்கிறது. ஒன்று தகடு வரை தேய்ந்து இன்னொன்று பாதி மிச்சமிருந்தால், அல்லது ஒரே பேட் ஒரு முனையில் மெலிந்து மறுமுனையில் தடித்துச் சரிவாகத் தேய்ந்திருந்தால், காலிப்பர் பின் அல்லது பிஸ்டன் (காலிப்பருக்குள் இருந்து பேடைத் தள்ளும் உருளை) சிக்கியிருக்கிறது. அந்தக் காலிப்பரிலேயே புது பேடைப் போட்டிருக்கிறார்கள் என்றால் சத்தத்தின் காரணம் ஏறக்குறைய கிடைத்துவிட்டது.

கிளிப்பும் அது உட்காரும் இடமும்

நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வது இங்கேதான். பேடின் இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி, பிராக்கெட்டில் உள்ள பள்ளத்தில் சறுக்கி நகர வேண்டும். அந்தப் பள்ளத்தில் ஒரு மெல்லிய ஸ்டீல் கிளிப் உட்கார்ந்திருக்கும். பேட் மாற்றும்போது பலர் இந்தக் கிளிப்பைக் கழற்றுவதே இல்லை. கழற்றிப் பாருங்கள், அடியில் துரு அடுக்கு அடுக்காக ஏறிச் செதில் செதிலாக உப்பியிருக்கும். உப்பிய துரு கிளிப்பை உள்ளே தள்ளுகிறது, பள்ளம் குறுகிப்போகிறது, புது பேட் அதில் இறுக்கமாகச் சிக்கி, பெடலை விட்ட பிறகும் டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டே ஓடுகிறது. சில கடைகளில் இந்த இறுக்கத்தைச் சுத்தியலால் தட்டி உள்ளே ஏற்றிவிடுவார்கள். அது தவறு. பேட் விரலால் தள்ளினால் போகிற மாதிரி இருக்க வேண்டும், அதே சமயம் ஆட்டினால் கடகடவென்று ஆடவும் கூடாது.

கம்பி பிரஷ்ஷால் துருவை நன்றாகத் தேய்த்து எடுங்கள், மூலைகளில் சின்ன அரம் வைத்து லேசாக இழையுங்கள், பளிச்சென்று இரும்பு தெரிந்தால் போதும், பள்ளத்தையே அகலப்படுத்திவிடாதீர்கள். கிளிப் வளைந்தோ மெலிந்தோ இருந்தால் புதிது போடுங்கள். பல மாடல்களுக்குத் தனி செட்டாகவே கிடைக்கும், சென்னையில் ஜி.பி. ரோடு மாதிரி ஸ்பேர் கடைகள் நிறைந்த இடத்தில் வண்டி மாடலும் வருடமும் சொல்லிக் கேளுங்கள். பேட் விலையோடு பார்த்தால் சின்னச் செலவு, ஆனால் இதை விட்டுவிட்டுத்தான் பேடைத் திட்டுகிறோம்.

பேடின் முதுகில் ஷிம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சில செட்டில் ஒட்டியே வரும், சிலவற்றில் பழைய ஷிம்மைத் துடைத்து மாற்றிப் போட வேண்டும், சில கடைகளில் அது பழைய பேடோடு குப்பைக்குப் போயிருக்கும்.

கிரீஸ் விஷயத்தில் கவனம். உயர் வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸ் மட்டும்தான். பேடின் காதுகளிலும், முதுகில் பிஸ்டன் படும் இடத்திலும், நகத்தால் தடவிய மாதிரி மெல்லிய படலம் போதும். நிறையப் பூசினால் சூட்டில் இளகி டிஸ்க்குக்குப் போய்விடும். டிஸ்க்கில் படும் பக்கத்தில் ஒரு துளி பட்டாலும் பிரேக் பிடிக்காது, அதனால் கையுறையை மாற்றிக்கொண்டே வேலை செய்யுங்கள்.

பின், பிஸ்டன்

காலிப்பர் இரண்டு பின்களின் மேல் முன்னும் பின்னும் நகர்கிறது. ரப்பர் உறைக்குள் இருக்கும் அந்தப் பின்னைக் கையால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும், தள்ளினால் போக வேண்டும். திருகி இழுக்க வேண்டியிருந்தால் உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது அல்லது கிழிந்த ரப்பர் வழியே தண்ணீர் போயிருக்கிறது. வெளியே எடுத்துப் பழைய கிரீஸை முழுதும் துடைத்து, ரப்பருக்கு ஒத்துப்போகும் சிலிகான் வகை பிரேக் கிரீஸ் போடுங்கள். வண்டியின் மற்ற இடங்களுக்குப் போடும் சாதாரண கிரீஸைப் போட்டால் ரப்பர் உப்பி, ஒரு சில மாதத்தில் பின் மறுபடி இறுகிவிடும். இரண்டு பின்களும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் பல வண்டிகளில் ஒன்றின் முனையில் ரப்பர் புஷ் இருக்கும், மேல் பின் எது கீழ் பின் எது என்று மாறாமல் போடுங்கள்.

பிஸ்டன் சிக்கியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, பத்து கி.மீ. ஓட்டிவிட்டு வந்து இரண்டு முன்சக்கர ரிம்மின் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கம் பிரேக் விடவில்லை. காரணம் துருப்பிடித்த பிஸ்டனாக இருக்கலாம், உள்ளே உப்பிப்போன பழைய ஹோஸாகவும் இருக்கலாம், ஹோஸ் அடைத்துக்கொண்டால் அழுத்தம் போகும், திரும்பி வராது. இந்த வேலையை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுவதுதான் சரி, ஏனென்றால் பிரேக் ஆயில் லைனைத் திறந்தால் அதற்குள் புகுந்த காற்றை வெளியே எடுக்க வேண்டும். சூடாக இருக்கும் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றி ஆறவைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், டிஸ்க் கோணலாகிவிடும்.

டிஸ்க் உட்கார்ந்திருக்கும் விதம்

புது டிஸ்க் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி வருகிறது. அதைத் துடைக்காமல் போட்டால் அந்த எண்ணெய் பேடுக்குள் ஊறிவிடும். பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எதுவும் வேண்டாம், பிரேக் கிளீனர் அடித்து, சுத்தமான வெள்ளைத் துணியில் கறை வராத வரை இரண்டு பக்கமும் துடைக்க வேண்டும்.

அடுத்தது ஹப்பின் முகம். இங்கே ஒரு துணுக்குத் துரு ஒட்டியிருந்தாலும் டிஸ்க் கொஞ்சம் சாய்ந்து உட்காரும், விளிம்புக்குப் போகும்போது அந்தச் சாய்வு பெரிதாகிவிடும். டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் டிஸ்க் சுற்றும்போது பல வண்டிகளில் அனுமதிக்கும் ஆட்டம் 0.05 மி.மீ. அளவில்தான், தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. ஒரு சுற்றுக்கு ஒரு தடவை ஷ்... ஷ்... என்று விட்டு விட்டு உரசினாலோ, நெடுஞ்சாலையில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் ஆடினாலோ இதைச் சந்தேகப்படுங்கள். டிஸ்க்கைக் கழற்றி ஹப்பைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் சுத்தம் செய்து மறுபடி மாட்டினாலே பல நேரம் சரியாகிவிடும், லேத்துக்குக் கொண்டுபோய்க் கடைய வேண்டியதில்லை. மாட்டும்போது வீல் நட்டை வட்டமாக வரிசையாக முடுக்காமல் எதிரெதிராக முடுக்குங்கள், டார்க் ரெஞ்சு (எவ்வளவு இறுக்கம் என்று காட்டும் ஸ்பேனர்) இருந்தால் வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்கு. ஏர் கன்னால் ஒரேயடியாக இறுக்கினாலும் டிஸ்க் கோணலாக உட்காரும்.

இப்போது பேட்

மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்து இன்னமும் சத்தம் என்றால் பேடின் முகத்தைப் பாருங்கள். பளபளவென்று வழவழப்பாக இருந்தால் சூட்டில் மேல்தோல் இறுகிவிட்டது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கியர் குறைக்காமல் பிரேக்கிலேயே இறங்கிவந்த புது பேட் இப்படித்தான் ஆகும். சமமான பரப்பில் 120 எண் உப்புத்தாளை வைத்து பேடை அதன் மேல் மெதுவாகத் தேய்த்து அந்தத் தோலை எடுங்கள், டிஸ்க்கையும் லேசாக உரசித் துடையுங்கள், அப்புறம் மேலே சொன்னபடி மறுபடி பழக்குங்கள். கிரீஸோ பிரேக் ஆயிலோ ஊறிய பேட் தேறாது, மாற்றத்தான் வேண்டும், இரண்டு பக்கமும் சேர்த்து.

பேடின் வகையும் ஒரு காரணம். உலோகத் துகள் அதிகம் கலந்த செமி மெட்டாலிக் பேட் சூட்டை நன்றாகத் தாங்கும், சத்தமும் தூசியும் அதிகம். ஆர்கானிக், செராமிக் வகைகள் சத்தம் குறைவு. தினசரி ஊருக்குள் ஓடும் குடும்பக் காருக்கு, வண்டியோடு என்ன வகை வந்ததோ அதையே போடுவது நல்லது என்பது என் கருத்து. பிரேக் லைனிங் செய்யும் பெரிய ஆலைகள் சென்னையிலேயே பாடி, அம்பத்தூர் பக்கம் இருக்கின்றன, நல்ல பேட் கிடைப்பது கஷ்டமில்லை. பில்லோடு வாங்குங்கள், பெட்டியில் சீல் பாருங்கள். பேடின் விளிம்பை அரத்தால் சரிவாகத் தேய்த்துச் சத்தத்தை நிறுத்துவது பட்டறைகளில் வழக்கம், சில நேரம் பலிக்கவும் செய்யும். ஆனால் சிக்கிய பின்னையும் துருவேறிய கிளிப்பையும் அப்படியே விட்டுவிட்டு இதை மட்டும் செய்தால் சத்தம் அடங்கலாம், பேட் ஒரு பக்கமாகத் தேய்வது உள்ளே நடந்துகொண்டுதான் இருக்கும்.

முன்பக்கம் எல்லாம் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லையா? பின்சக்கர டிரம்மைப் பாருங்கள். ஆளில்லாத சமதளச் சாலையில் 10 கி.மீ. வேகத்தில், ஹேண்ட் பிரேக்கின் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே லேசாக இழுங்கள், பெடலைத் தொடாதீர்கள். அப்போதும் அதே கீச் வந்தால் சத்தம் பின்னாலிருந்துதான். டிரம்மைக் கழற்றித் தூசியைத் துடைத்து, பிரேக் ஷூ உரசும் பின்தகட்டு மேடுகளில் கொஞ்சம் பிரேக் கிரீஸ் தொட்டு வைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு, வண்டியை நகர்த்தும் முன்னால், பெடலை அது கெட்டியாகும் வரை பல தடவை மிதியுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் மிதியில் பெடல் தரை வரை போகும், இதை மறந்து கேட்டை விட்டு வண்டியை இறக்கினால் பிரேக்கே இருக்காது. பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவில் அளவு மேல்கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள், வழிந்திருந்தால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயிண்ட்டை அரித்துவிடும். ஐம்பது கி.மீ. ஓடிய பிறகு வீல் நட்டுகளை இன்னொரு தடவை முடுக்கிப் பாருங்கள்.